மொட்டை மாடிக்குக் கீழே நான்கு வருஷம்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது. மே மாதம் தேடுங்கள், மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். நாங்கள் பார்த்தது 2019 டிசம்பரில், காலை பத்து மணிக்கு. டிசம்பர் மாதம் சென்னையில் எல்லா வீடும் நல்ல வீடுதான். தாம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நான்காவது மாடி, ரெண்டு பெட்ரூம், மேற்கே பார்த்த பால்கனி, அங்கே நின்றால் தூரத்தில் விமானம் இறங்குவது தெரியும். மகன் விமானத்தைப் பார்த்ததுமே முடிவு பண்ணிவிட்டான். "மேல வீடே கிடையாது மேடம், தலைக்கு மேல தொம்தொம்னு யாரும் நடக்க மாட்டாங்க" என்றார் ஹவுஸ் ஓனர். அவர் சொன்னது பொய்யில்லை. நான்கு வருஷத்தில் தலைக்கு மேல் அந்தத் தொம்தொம் ஒரு நாளும் கேட்டதில்லை. மேலே இருந்தது மொட்டை மாடி, அதற்கு மேல் வெயில், அவ்வளவுதான்.

2024 மார்ச்சில் அந்த வீட்டை விட்டு ரெண்டு தெரு தள்ளி வேறொரு கட்டடத்தில் முதல் மாடிக்கு வந்தோம். அதே ரெண்டு ஏசி, அதே ஃபிரிட்ஜ், அதே வாஷிங் மெஷின், கழற்றிக்கொண்டு வந்த அதே ஃபேன்கள். ஆட்களும் அதே நான்கு பேர்: நான், இவர், பள்ளிக்கூடம் போகும் மகன், எழுபத்தாறு வயது மாமனார். எங்கள் பழக்கவழக்கம் எதுவும் திருந்தவில்லை. மகன் இன்னும் பாத்ரூம் லைட்டை அணைக்காமல்தான் வருகிறான். ஆனால் 2023 ஏப்ரல், மே ரெண்டு மாதத்துக்கு 1,040 யூனிட் ஓடிய மீட்டர், 2024இல் அதே ரெண்டு மாதத்துக்கு 610 யூனிட் ஓடியது.

இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறேன் என்றால், மாமாவின் டைரி. கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர், கணக்கு எழுதாமல் இருக்க முடியாது. தினமும் காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கீழே போகும்போது மீட்டர் பெட்டியைத் திறந்து ரீடிங் பார்த்துவிட்டு வந்து, ஏதோ ஒரு வங்கி கொடுத்த பழைய டைரியில் எழுதிவைப்பார். ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. மருமகள் எவ்வளவு கரண்ட் செலவு பண்ணுகிறாள் என்று மாமனார் கணக்கெடுக்கிற மாதிரி. ஆனால் வீடு மாறி நாலைந்து மாதம் கழித்து அந்த டைரியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் அது எங்களைப் பற்றிய கணக்கே இல்லை, வீட்டைப் பற்றிய கணக்கு என்று புரிந்தது.

அந்த ரெண்டு மாதத்தைப் பணமாகவும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அப்போது ரெண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணப்படி, சரியாக 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். ஐந்நூறைத் தாண்டிவிட்டால் 101லிருந்து 200 வரை கிடைக்கும் சலுகை விலை போய்விடும், அதனால்தான் இந்தக் குதி. அதற்கு மேல் போகப் போக யூனிட்டுக்கு 8, 9, 10, 11 ரூபாய் என்று படி ஏறும். ஆகவே 1,040 யூனிட்டுக்கு எங்களுக்கு வந்தது 6,990. இந்த வீட்டில் 610 யூனிட்டுக்கு 2,840. அதற்கப்புறம் கட்டணம் இன்னும் கூடிவிட்டது, அது வேறு. யூனிட் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, பணம் பாதிக்கும் கீழே போய்விட்டது. 2024 மே மாதம் நடுவில் நல்ல கோடை மழை பெய்ததையும் சொல்லிவிட வேண்டும், அதற்காக அந்த வித்தியாசத்தில் ஒரு நாற்பது ஐம்பது யூனிட்டைக் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் கதை மாறாது. டைரியில் இன்னொரு பக்கம் இருக்கிறது: டிசம்பர், ஜனவரி. அந்த வீட்டில் 330, இந்த வீட்டில் 310. குளிர்காலத்தில் ரெண்டும் ஒரே வீடு.

மொட்டை மாடி வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நான் கட்டுரை படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். ஐந்து அங்குல கான்கிரீட் தளம், அதன் மேல் கறுத்துப்போன சிமெண்ட் டைல். காலை எட்டு மணியிலிருந்து வெயில் அதன் மேல் விழுகிறது. கான்கிரீட் சூட்டைத் தடுக்காது, குடித்துவைத்துக்கொள்ளும், பிறகு சாவகாசமாகக் கீழே விடும். மேல்பக்கம் ரெண்டு மணிக்கு உச்சத்துக்குப் போகிற சூடு, கீழே சீலிங்குக்கு வந்து சேர இன்னும் சில மணி நேரம் ஆகும். அதாவது வெளியே கடல்காற்று வந்து தெருவில் எல்லோரும் "அப்பாடா" என்று நடக்கப் போகும் நேரத்தில்தான் எங்கள் பெட்ரூமுக்கு மத்தியானம் ஆரம்பிக்கும். இதில் மேற்குச் சுவர் வேறு. நான்கு மணியிலிருந்து ஆறரை மணி வரை சாய்வெயில் நேராக அதில்தான். கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரில்தான் இருந்தது, ஏனென்றால் ஸ்விட்சும் சார்ஜர் பிளக்கும் அங்கேதான் வைத்திருந்தார்கள். ராத்திரி பதினொரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லை இறக்கிவைத்துக் கொஞ்ச நேரம் ஆன மாதிரி ஒரு காங்கை.

கொரோனா சமயத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே காட்டும் அந்தத் துப்பாக்கித் தெர்மாமீட்டர் வீட்டில் சும்மா கிடந்தது. அதில் பொருள்களின் சூட்டைப் பார்க்கவும் ஒரு மோடு இருந்தது. ஒரு மே மாத ராத்திரி ஒன்பதரைக்கு சீலிங்கைக் காட்டினேன், 38 டிகிரி. என் வீட்டுச் சீலிங்குக்குக் காய்ச்சல். ரெண்டாவது மாடியில் இருந்த தோழி வீட்டுக்குப் போய் அவர்கள் சீலிங்கைக் காட்டினேன், 33. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சீலிங் அந்தச் சூட்டில் இருக்கும்போது ஃபேனை ஐந்தில் வைத்தால் என்ன ஆகும்? ஃபேன் அறையைக் குளிர்விக்காது, நம் தோலில் இருக்கும் வியர்வையைக் காயவைக்கும், அதனால்தான் நமக்குச் சுகமாக இருக்கிறது. மேலே தேங்கியிருக்கிற அனல் காற்றை வாரி வாரி முகத்தில் கொட்டினால் அந்தச் சுகமும் இல்லை. மகன் அதை "ஹேர் டிரையர்" என்பான்.

அப்போ ஏசிதான். எங்கள் ஏசி பழைய மாடல், அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் டப்பென்று நின்றுவிடும். முதல் மாடிக்கு வந்த பிறகு பத்து மணிக்குப் போட்டால் பத்தேமுக்காலுக்கு முதல் டப் கேட்கிறது. அந்தப் பழைய வீட்டில் அந்தச் சத்தம் கேட்க ராத்திரி ஒரு மணி ஆகும், சில நாள் கேட்கவே கேட்காது. புது ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது, ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று மின்சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பான பி.இ.இ. சொல்கிறது. எல்லாம் சரிதான். நாங்களும் 26இல் வைத்துப் பார்த்தோம். தலைக்கு மேல் ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது ரிமோட்டில் 24 வைத்தால் என்ன, 26 வைத்தால் என்ன? எங்கள் பில்லைத் தீர்மானித்தது ரிமோட் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு யாரோ பிளான் போட்ட அன்றைக்கே எங்கள் பில்லில் பாதியைப் போட்டுவிட்டார்கள்.

இதைச் சொன்னால் ஒரு கூட்டம் உடனே "அந்தக் காலத்துல நாங்க ஏசியா போட்டோம்" என்று ஆரம்பிக்கும். எனக்கும் அந்தக் காலம் தெரியும். என் ஆச்சி வீடு அம்பாசமுத்திரம் பக்கம். திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்த வீட்டை விளக்க வேண்டாம்: முன்னால் வராந்தா மாதிரி தார்சா, அப்புறம் கூடம் மாதிரி பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுப்படி, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில். தெருவாசலில் நின்றால் புறவாசல் வேப்பமரம் தெரியும். ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து வரும் காற்று ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் போகும், நடுவில் ஈர வேட்டி காயப்போட்டிருந்தால் அரை மணியில் மொடமொடப்பாகிவிடும். சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. கோடையில் பகலில் தார்சா, மத்தியானம் பட்டாசலில் வெறும் தரையில், ராத்திரி தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், தண்ணீர் தெளித்துப் பாய் போட்டுத் தூக்கம். வெயில் வீட்டைச் சுற்றி நகர நகர, ஆட்களும் வீட்டுக்குள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். இப்போதுதான் எனக்குப் படுகிறது, அந்த வீட்டில் எந்த அறைக்கும் ஒரே வேலை என்று கிடையாது. பெட்ரூம் என்ற சொல்லே கிடையாது. எங்கே குளுமையோ அங்கே படுக்கை.

இன்னொன்று, மொத்த வீட்டுக்கும் ஒரே ஃபேன், பட்டாசலில். ராத்திரி ஒன்பது மணிக்கு எட்டுப் பேரும் அதற்குக் கீழே. "ஏட்டி, அங்க ஆளில்லாத ரூம்புல என்னத்துக்கு லைட்டு, அமத்து" என்று ஆச்சி ஒரு சத்தம் போடுவாள், அதுதான் அந்த வீட்டின் மின்சிக்கனத் திட்டம். எங்கள் ஃபிளாட்டில் நான்கு பேருக்கு நான்கு ஃபேன், ஆளுக்கொரு மூலை. சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று எழுபது எண்பது வாட் இழுக்கும். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது வாட்டில் அதே காற்றைத் தருகிறது, வாங்கலாம், நாங்களும் ரெண்டு வாங்கினோம். ஆனால் ஒரு ஃபேனுக்குக் கீழே எட்டுப் பேர் என்ற கணக்கை எந்த ஃபேனாலும் ஜெயிக்க முடியாது.

அதற்காக ஆச்சி வீட்டைத் தூக்கிக் கொண்டாட நான் தயாரில்லை. அந்தக் குளுமையெல்லாம் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான். ஆச்சியின் பகல் முழுக்க அடுப்படியில் போனது, அது வீட்டிலேயே இருட்டான இடம், புகை போக ஓட்டில் ஒரு ஓட்டை, கண் எப்போதும் சிவந்திருக்கும். பொம்பளைகள் தார்சாவில் காற்று வாங்க உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, தெருப்பக்கம் என்று உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். ராத்திரி கக்கூசுக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு புறவாசல் தாண்டிப் போக வேண்டும். அந்த வீட்டை ஏன் இடித்தீர்கள் என்று சித்தப்பாவைக் கேட்டால், நீ வந்து ரெண்டு மழைக்காலம் இருந்து பாரு என்பார். நியாயம்தான்.

சென்னையிலும் இப்படி நன்றாக யோசித்துக் கட்டிய கூரை இருந்தது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் மேலே அண்ணாந்து பார்த்தால் வரிசையாகத் தேக்கு உத்தரங்கள் தெரியும். அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் சாய்த்து நெருக்கி அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பேர். கனமான கூரை, சூடு இறங்குவதற்குள் சாயங்காலம் கழிந்துவிடும், கூரையும் பதினொன்று பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கும். கான்கிரீட் வந்த பிறகும் ரொம்ப காலம் மேலே செங்கல் ஜல்லியும் தட்டோடும் போட்டார்கள். இப்போது கட்டுகிற பல கட்டடங்களில் தண்ணீர் இறங்காமல் இருக்க ஏதோ ஒரு பூச்சு, அதன் மேல் டைல், முடிந்தது. தண்ணீர் இறங்கினால் கறை தெரியும், ஓனர் சண்டைக்கு வருவார். சூடு இறங்கினால் கறை தெரியாது.

மத்திய அரசு 2018 டிசம்பரில் வீடுகளுக்கென்றே ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. சுவர், ஜன்னல் வழியாக எவ்வளவு சூடு உள்ளே வரலாம் என்பதற்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு, கூரைக்குத் தனி வரம்பு, ஜன்னல் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு. நாங்கள் வீடு வாங்கலாமா என்று ஒரு ஏழெட்டு இடம் சுற்றியபோது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் விற்பனைக்கு இருந்த பையன் "மேடம், இது வாஸ்துப்படி பண்ணது" என்றான். நான் சூட்டைப் பற்றிக் கேட்டால் அவன் குபேர மூலையைக் காட்டுகிறான்.

ஜன்னலைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. பழைய மர ஜன்னல், கதவு மாதிரித் திறக்கும், நாலடி ஜன்னல் என்றால் நாலடியும் காற்று வரும். இப்போது எல்லாம் ஸ்லைடிங். நாலடி ஜன்னலில் ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும், திறப்பது ரெண்டடிதான். பாதி ஜன்னலை வாடகை கொடுத்து மூடிவைத்திருக்கிறோம். அதற்கு மேலே சன்ஷேடும் கிடையாது, எலிவேஷன், அதாவது முகப்பின் அழகு, கெட்டுவிடுமாம். முன்பெல்லாம் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே வெண்டிலேட்டர் இருக்கும், மேலே ஏறும் சூடான காற்று அது வழியாக வெளியே போகும். ஏசி போட்டால் அதை அடைக்க வேண்டும் என்று சொல்லி அடைத்தார்கள், அப்புறம் அது வைப்பதையே விட்டுவிட்டார்கள், இப்போது அது இல்லாததால் ஏசி இல்லாமல் முடியவில்லை.

இருக்கிற ரெண்டடியையும் திறக்க முடிந்ததா என்றால், ஆறு மணிக்குக் கொசு. பக்கத்துக் கட்டடம் கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவர்கள் வீட்டு ஹால் சோபாவும் எங்கள் கட்டிலும் நேருக்கு நேர். கீழே டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் லாரிப் புழுதி. ஆக மூன்று வருஷம் அந்த ஜன்னலைத் திறக்கவேயில்லை. கடைசி வருஷம்தான் மகனின் டியூஷன் டீச்சர் வீட்டில் பார்த்து, அந்த ஒட்டுகிற கொசுவலை, வெல்க்ரோ வைத்தது, அளவெடுத்து வாங்கி எல்லா ஜன்னலுக்கும் ஒட்டினோம். மொத்தமாக ரெண்டாயிரம் ரூபாய் கூட ஆகவில்லை. அன்றைக்கு ராத்திரி முதல்முறையாக ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தோம். விடியற்காலை நாலரைக்கு லேசாகக் குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. இத்தனை வருஷம் அது வெளியே வந்து நின்றுவிட்டுத்தான் போயிருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய் ஏசியை வாங்க நாங்கள் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை, ரெண்டாயிரம் ரூபாய் வலையைப் பற்றி மூன்று வருஷம் நினைக்கவில்லை.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கணக்கில் யூனிட்டில் வராத பகுதி அவருடையது. அவர் அறையில் ஏசி இருந்தது, போட மாட்டார். "எனக்கு அது ஒத்துக்காதும்மா, மூட்டு பிடிச்சுக்கும்." பால்கனித் தரையைக் கழுவிவிட்டு ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு அங்கேயே படுப்பார். 2022 மே மாதம் ஒரு நாள் காலையில் பால் பாக்கெட்டோடு படியேறி வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டர், உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது, ராத்திரி தூக்கமும் இல்லை போலிருக்கிறது என்று சொல்லி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். வயதானால் தாகம் தெரிவது குறையும், வியர்ப்பதும் குறையும், உடம்பு சூட்டை வெளியே தள்ளத் திணறும், ஆனால் அவர்களுக்கே அது தெரியாது. தூங்குவதற்கு உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கியாக வேண்டும், 38 டிகிரி சீலிங்குக்குக் கீழே அது எப்படி இறங்கும்? அதற்கப்புறம் ஒரு நாள் டைரியைப் பார்த்தேன். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு பக்கத்தில், "19 யூனிட்" என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில், "நேற்று என் அறையில் ஏசி 2 மணி நேரம்" என்று எழுதியிருந்தார். ஒத்துக்கொள்ளாதது ஏசி இல்லை.

அன்றிலிருந்து கோடையானால் எல்லோரும் ஒரே அறை. எங்கள் பெட்ரூமில் கட்டிலில் மாமாவும் பேரனும், கீழே மெத்தை போட்டு நாங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதம். இவர் ராத்திரி பன்னிரண்டு வரை லேப்டாப்பில் வெளிநாட்டு கால் பேசுகிறவர், அதனால் அவர் மட்டும் ஹாலில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கேமராவுக்காக மேலே மட்டும் சட்டை. மகன் அந்த அறையிலேயே படித்தான், சாப்பிட்டான், சண்டை போட்டான். ஆயிரம் சதுர அடிக்கு வாடகை கொடுத்துவிட்டு நூற்றிருபது சதுர அடியில் வாழ்ந்தோம். ஆச்சி வீட்டுப் பட்டாசல் மாதிரிதான், என்ன, அங்கே நினைத்தால் எழுந்து தட்டட்டிக்குப் போகலாம். இங்கே யாருக்கும் தனியாக ஒரு மூலை இல்லை, எல்லோருக்கும் சிடுசிடுப்பு. அந்த மூன்று மாதத்தில் நானும் இவரும் போட்ட சண்டைகளில் பாதிக்கு எந்தக் காரணமும் கிடையாது, தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

அடுப்படியில் ஏசியும் இல்லை, ஃபேன் போட்டால் கேஸ் அணையும். அது மட்டும் ஆச்சி காலத்திலிருந்து மாறவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து எட்டுக்குள் மத்தியானச் சமையலையும் முடித்துவிடுவேன். நாலு மணிக்குக் குழாயைத் திறந்தால் மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டியிலிருந்து கொதிக்கிற தண்ணீர் வரும், அரிசியை அதிலேயே ஊறவைத்தால் சோறாகிவிடுமோ என்று பயமாக இருக்கும். டிசம்பரில் அதே குழாயில் பச்சைத் தண்ணீர், கீசர் போட வேண்டும். என்ன கணக்கோ.

கூரைக்கு வெள்ளை அடிக்கலாம் என்ற யோசனையை 2023 பிப்ரவரியில் அசோசியேஷன் கூட்டத்தில் வைத்தேன். இது ஒன்றும் புதுசு இல்லை, சுண்ணாம்போடு ஃபெவிகால் கலந்து மொட்டை மாடியில் அடிப்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், வெயிலைத் திருப்பி அனுப்புகிற கூல் ரூஃப் பெயிண்டும் கடையில் கிடைக்கிறது. தெலங்கானாவில் அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் அதே வருஷம் இதற்கென்று ஒரு அரசுக் கொள்கையே போட்டார்கள். கூல் ரூஃப் பற்றி நான் கொஞ்சம் அச்செடுத்துக்கொண்டெல்லாம் போயிருந்தேன். முதல் மாடிக்காரர் கேட்டார், "மாடி பொது, செலவு பொது, லாபம் மட்டும் உங்களுக்கா?" அவர் கேட்டதில் தப்பு சொல்ல முடியவில்லை. மழை ஒழுகினால் பொதுச் செலவு, வெயில் ஒழுகினால் தனிச் செலவு. சோலார் போடும் பேச்சும் அதே கூட்டத்தில் வந்து அதே மாதிரி செத்தது, பதினாறு வீட்டுக்கு ஒரு மாடி, யார் தகடு எந்த மூலையில் என்பதிலேயே டீ ஆறிவிட்டது. கடைசியில் நாங்களே செலவு பண்ணி எங்கள் வீட்டுக்கு மேல் வரும் பகுதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தோம். ரெண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் லாரிப் புழுதியில் வெள்ளை ரெண்டு மாதத்தில் மண் நிறமாகிவிட்டது, மிச்சத்தை மாடியில் வடாம் காயப்போட வந்தவர்கள் நடந்து தேய்த்தார்கள். அப்படியும் வந்த பில்தான் அந்த 1,040.

ஹவுஸ் ஓனரிடம் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டோம். "நீங்க வர்றப்பவே ஏசி பாயிண்ட் ரெண்டு ரூம்லயும் குடுத்திருக்கோமே" என்றார். கரண்ட் பில் கட்டுகிறவன் கூரையைத் தொட முடியாது, கூரையை மாற்ற முடிந்தவனுக்குப் பில் வராது. இதற்கு நடுவில் எந்த விதித்தொகுப்பு வந்து என்ன செய்ய?

எங்கள் நிலைமையாவது பரவாயில்லை. அந்தக் கட்டடத்தில் வீட்டு வேலைக்கு வந்த அக்கா பக்கத்தில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் இருந்தார். அங்கே தனி மீட்டர் இல்லை, சப் மீட்டர் பார்த்து ஓனர் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் வாங்குவார். அரசாங்கம் கொடுத்த அந்த இலவச நூறு யூனிட் அவருக்குப் போய்ச் சேரவேயில்லை. ஷீட்டின் மேல் சாக்கை விரித்துச் சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவார், தண்ணீர் இருக்கிற நாளில். ஒரு ஃபேன், ஒரு பல்பு, ஒரு டிவி, எங்கள் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஓடாது. அவருக்கு வரும் சூடு எங்களைவிட அதிகம். மின்சாரம் குறைவாகச் செலவழிக்கிற வீடு நல்ல வீடு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். மத்தியானம் எங்கள் வீட்டு வேலை முடிந்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் எங்கள் கட்டடத்து மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். கால் வலிக்குது என்பார்.

இப்போதிருக்கும் முதல் மாடி வீடு சொர்க்கமா என்றால், இல்லை. கிழக்கிலும் தெற்கிலும் ஜன்னல், மேலே ரெண்டு மாடி, ஒரு பாதாம் மரம் மேற்குச் சுவரை மறைத்து நிற்கிறது, அதுவரை எல்லாம் நல்லது. ஆனால் சமையலறை ஜன்னல் டக்டை, அதாவது கட்டடத்துக்கு நடுவே விட்டிருக்கும் குறுகலான இடைவெளியை, பார்த்துத் திறக்கிறது, அந்த டக்டுக்குள் நான்கு வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட்டும் ஒன்றையொன்று பார்த்து ஊதிக்கொண்டிருக்கின்றன, திறந்தால் அனல். பகல் பதினொரு மணிக்கும் அங்கே லைட் போட வேண்டும். ஹாலும் கொஞ்சம் இருட்டுத்தான், மழைக்காலத்தில் துணி காய மூன்று நாள், ஒரு மாதிரிப் பூசணம் பிடித்த வாசனை வருகிறது. மேல் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, அது இரவு பத்து மணிக்குப் பந்து விளையாடும். தொம்தொம்.

மாமா இந்த வீட்டிலும் டைரி எழுதுகிறார். ராத்திரி தூங்குகிறார், அதுவும் எழுதுகிறார்: "நல்ல உறக்கம், ஏசி இல்லை." வந்த ஒரு வாரத்திலேயே இந்தக் கட்டடத்தில் காற்று எங்கே வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். வீட்டுக்குள் இல்லை, எங்கள் வாசலுக்கு வெளியே, லிஃப்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவில், படிக்கட்டு ஜன்னலுக்கு நேரே. மூன்று மணிக்கு மேல் கடல்காற்று அந்த ஜன்னலில் நுழைந்து படி வழியாக மேலே ஏறுகிறது. தினமும் மத்தியானம் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அங்கே போட்டுப் பேப்பர் படிக்கிறார். எதிர் வீட்டுப் பாட்டி ஒருத்தர் இப்போது ஒரு ஸ்டூலோடு வந்துவிடுகிறார். மூன்றாவது மாடி ரிட்டையர்டு வாத்தியார் ஒருவரும் சேர்ந்திருக்கிறார், கேரம் போர்டு கொண்டுவரப் போவதாகப் பேச்சு. போன வாரம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில், பொது இடத்தில் நாற்காலி, ஸ்டூல் போன்ற சொந்தப் பொருள்களைப் போடக்கூடாது என்று ஒரு செய்தி வந்தது. பார்த்துவிட்டேன். மாமாவிடம் வாட்ஸ்அப் கிடையாது.